ஊசிக்கு முந்தைய பத்து நிமிடம்

கோவையில் தோல் மருத்துவராகப் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் முதல் நாளிலேயே கேட்பது, புருவ நடுவில் சுருக்கம் குறைக்கும் போட்டாக்ஸ் மருந்தை எத்தனை யூனிட் போடுவது, கன்னத்தில் கேனுலாவை, அதாவது முனை மழுங்கிய மெல்லிய குழல் ஊசியை, எங்கிருந்து நுழைப்பது என்பதுதான். அதற்கு இரண்டாவது வாரம் இருக்கிறது. முதல் வாரம் அவர்கள் கையில் நான் ஊசியைக் கொடுப்பதில்லை. முகம் துடைக்கக் காஸ் துணியைத்தான் கொடுக்கிறேன்.

நம்மிடம் வருகிறவர் நோயோடு வரவில்லை. மகள் கல்யாணத்துக்குள் கன்னத்துப் பள்ளம் நிரம்ப வேண்டும், நெற்றிச் சுருக்கம் குறைய வேண்டும் என்று நல்ல ஆரோக்கியத்தோடு நடந்து வருகிறார். அவரை நோயாளியாக்கித் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை இல்லை.

இதை நான் கற்றது ஒரு பெண்மணியின் இடது கன்னத்தில். தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, அவருக்கு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஜெல், போட்டேன். அன்று எந்தக் குறையும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்தபோதும் முகம் அழகாக இருந்தது. ஏழாவது வாரம் பட்டாணி அளவு முடிச்சோடு வந்தார். காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. வழக்கமான ஆன்டிபயாடிக் பத்து நாள் கொடுத்தேன், அசையவில்லை. பிறகு அந்த இடம் சிவந்து, நடுவில் கசியத் தொடங்கியது. கசிவை எடுத்து மைகோபாக்டீரியா சோதனைக்கும் சேர்த்து அனுப்பினோம். வேகமாக வளரும் மைகோபாக்டீரியா என்று முடிவு வந்தது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்வது. பல மாதங்கள் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்ட பிறகே ஆறியது. தழும்பு தங்கிவிட்டது.

அன்று செய்த ஒவ்வொன்றையும் நினைவில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சிரிஞ்ச் முத்திரை பிரிக்காதது. ஊசி புதியது. கையுறை புதியது. மிஞ்சியது ஐஸ். ஊழியர் அறைக் குளிர்பெட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி உறையவைத்த கட்டியைத் துணியில் சுற்றி, துளை போட்ட கன்னத்தில் நானே அழுத்தியிருந்தேன். உருகிய நீர் துளைகளின் மேல் வழிந்து காதோரம் இறங்கியதும், அதை என் விரலால் துடைத்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்த ஐஸ்தான் காரணம் என்று எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அன்று முதல் என் அறையில் துளையின் அருகே குழாய்த் தண்ணீர் வருவதில்லை. குளிர்ச்சி வேண்டுமென்றால் மூடிய ஜெல் பையை ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) உறைக்குள் போட்டு வைக்கிறேன். அதை எடுத்த பிறகு தோலை மறுபடியும் சுத்தம் செய்த பின்பே ஊசி.

இனி முகத்துக்கு வருவோம். நம் ஊர் முகத்தில் காலை பத்து மணிக்கு என்னவெல்லாம் இருக்கின்றன என்று உட்கார்ந்து பாருங்கள். விபூதி, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டின் பசை, சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், முடியோரத்திலிருந்து நெற்றிக்கு இறங்கிய தேங்காய் எண்ணெய். இவற்றின் மேல் நேராக ஸ்பிரிட்டைத் தேய்த்தால் எண்ணெயும் பொடியும் குழைந்து பரவும். கிருமி அடியிலேயே இருக்கும். முதலில் முகக் கழுவியால் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பின் வெள்ளைக் காஸால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். காஸில் நிறம் ஏறினால் மறுபடியும் கழுவ வேண்டும். பொட்டை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மூக்கோரக் கோட்டில் ஃபில்லர் போடுவதாக இருந்தால் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும், அதன் திருகில் சேரும் அழுக்கு கொஞ்சமல்ல. கழற்றவே மாட்டேன் என்கிற பெரியம்மாக்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பக்கம் நான் போடுவதில்லை. கழற்றிக்கொண்டு வரும் நாளில் போடுகிறேன்.

காலையில் பார்லரில் புருவம் திருத்திக்கொண்டு நேராக நம்மிடம் வருவார்கள். நூல் இழுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். ஆண்களுக்கு அன்று காலைச் சவரம். இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறேன், முகூர்த்த மாதமாக இருந்தாலும்.

கழுவிய பின் கிருமிநாசினி. 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் எனக்குப் பிடித்தது. தோலில் வெகுநேரம் வேலை செய்யும். ஆனால் கண்ணுக்குள் ஒரு சொட்டு போனாலும் கருவிழியைக் காயப்படுத்தக்கூடியது. ஆகவே கண் சுற்றில் அதைத் தொடாதீர்கள். அங்கே கண்ணுக்கென்றே வரும் 5 சதவீத பொவிடோன் அயோடின் போதும். உள்ளிருந்து வெளியே ஒரே போக்கில் துடையுங்கள். ஒரு காஸ், ஒரு போக்கு. பிறகு காய விடுங்கள். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலுக்குக் குறைந்தது 30 விநாடி, அயோடினுக்கு அதைவிட அதிகம். அந்த நேரத்தில் வாயால் ஊதவோ கையால் விசிறவோ கூடாது. ஈரமாக இருக்கும்போது குத்தினால் துடைத்ததற்குப் பயன் குறைவு, எரிச்சலும் கூடும்.

ஊசி போடும் இடத்தில் புள்ளி வைக்கும் வெள்ளைப் பென்சிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையிலிருந்து மாலைவரை அதே பென்சில் ஆறு முகங்களைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமிநாசினிக்கு முன்பே குறித்துவிடுங்கள். குறியின் மேலேயே குத்தாமல் அதன் ஓரத்தில் குத்துங்கள்.

கை கழுவுவது உங்களுக்குத் தெரியும் என்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முறை கழுவிப் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனம் சொல்வது சோப்புக்கு 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவத்துக்கு 20 முதல் 30 விநாடி. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிய கை. கையுறை மாட்டிய பின் கைபேசியைத் தொட்டால் அந்தக் கையுறை முடிந்தது. முன்-பின் படங்களை உதவியாளர் எடுக்கட்டும். போட்டாக்ஸுக்குச் சாதாரணக் கையுறை போதும். கேனுலாவோடு ஃபில்லர் போடும்போது நான் ஸ்டெரைல் கையுறை அணிகிறேன். கேனுலாவின் தண்டு முடியிலோ, உதட்டின் உள்பக்கத்திலோ, துடைக்காத தோலிலோ பட்டால் வேறு கேனுலா எடுக்க வேண்டும். விலையை நினைத்துத் தயங்கும் அந்த ஒரு நொடியில்தான் தவறு நடக்கிறது.

அடுத்தது மருந்துக் குப்பி. 500 மில்லி சலைன் பாட்டிலின் ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தி நிறுத்திவைத்து, நாள் முழுக்க அதிலிருந்தே எல்லாருக்கும் எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. காற்றுக்கும் கைக்கும் திறந்துவைத்த வாசல் அது. போட்டாக்ஸ் கலக்கப் பாதுகாப்புப் பொருள் சேராத சிறிய சலைன் ஆம்பியூலைத் திறந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு குத்துங்கள். சலைன் சிரிஞ்சிலிருந்து தானாக உள்ளே இழுபட வேண்டும். குப்பியில் வெற்றிடம் இல்லையென்றால் அந்தக் குப்பி வேண்டாம். கலந்த தேதியையும் நேரத்தையும் எழுதி 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். நாம் அதிகம் பயன்படுத்தும் போட்டாக்ஸின் கம்பெனித் தாள் ஒருவருக்கு ஒரு குப்பி, 24 மணி நேரத்துக்குள் என்கிறது. அதை நான் மீறுவதில்லை. பாதி மிஞ்சிய ஃபில்லர் சிரிஞ்சில் பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த மாதம் அவருக்கே போடலாம் என்பார்கள். ஒரு முறை தோலுக்குள் போய் வந்த ஊசியின் வழியே கிருமி சிரிஞ்சுக்குள் வந்திருக்கலாம். வேண்டாம்.

ஊசியை மட்டும் மாற்றினால் போதும், சிரிஞ்ச் அதுவே இருக்கட்டும் என்ற எண்ணமும், எது யாருடைய ரத்தம் என்று பாராத அலட்சியமும் எவ்வளவு கொடியவை என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. 2008இல் நெவாடாவில், பயன்படுத்திய சிரிஞ்சையே மறுபடியும் மயக்க மருந்துக் குப்பிக்குள் விட்டு, அதே குப்பியிலிருந்து அடுத்தவருக்கும் எடுத்ததால் ஹெபடைட்டிஸ் சி பரவியிருந்தது தெரியவந்தது. 2018இல் நியூ மெக்சிகோவில், சொந்த ரத்தத்தின் பிளாஸ்மாவை நுண்ணூசியால் முகத்தில் செலுத்தும் ஓர் அழகு நிலையத்தில், பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்பெட்டியில் உணவோடு இருந்தன. அங்கே சிகிச்சை பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. பிளாஸ்மா சிகிச்சை செய்கிறவர்கள் குழாயில் பெயரை ரத்தம் எடுக்கும் முன்பே எழுதி, வருபவர் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.

சிலரைத் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். உதட்டில் அக்கிக் கொப்புளம், ஊசி போடும் இடத்தில் பழுத்த பரு, சைனஸ் வலி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்றால் அன்று ஃபில்லர் இல்லை. பல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளிவைக்கிறேன். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருபவருக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருகிறேன்.

உங்கள் கையையும் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் வந்ததா என்று சோதித்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, சிரிஞ்ச் சிவப்புக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு, ரத்தம் பட்ட காஸ் மஞ்சளுக்கு. கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது.

அனுப்பும்போது சொல்லவேண்டியவை: 24 மணி நேரம் ஒப்பனை வேண்டாம், கை வைக்க வேண்டாம். கோயிலுக்குப் போனால் விபூதியைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும், நெற்றியில் இட வேண்டாம். நீச்சல் குளமும் ஃபேஷியலும் இரண்டு வாரம் காத்திருக்கட்டும். தோல் வெளுத்தாலோ வலைபோல் நீலம் பாய்ந்தாலோ நள்ளிரவானாலும் அழைக்கச் சொல்லுங்கள். அது ரத்தக்குழாய் அடைப்பு. ஓரிரு நாளில் அங்கே சீழ்க்கொப்புளங்கள் வரும், அவற்றைத் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் எழுதி உட்கார்ந்திருந்தால் தோல் அழுகிவிடும்.

மருந்தின் தொகுதி எண் ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் இரண்டு தேதிகளை எழுதிவைக்கிறேன். ஒன்று மூன்றாம் நாள், மற்றொன்று ஏழாவது வாரம். இரண்டு நாளும் நானே தொலைபேசியில் அழைத்து, கன்னத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லி, ஏதாவது உருள்கிறதா என்று கேட்கிறேன்.