வீட்டில் பைக் பார்க்க டூல்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான். நூற்றுக்கு மேல் துண்டுகள், எல்லாம் பளபளவென்று மின்னும். விலையைக் கேட்டால் பரவாயில்லையே என்று தோன்றும். பலர் தவறு விடுவது அந்த இடத்தில்தான். பெட்டியில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரில் மாட்டும் சின்னச் சின்ன பிட்டுகள். மிச்சத்தில் உங்கள் பைக்குக்கு உண்மையில் வேண்டியவை ஏழெட்டு இருந்தாலே பெரிய விடயம். அந்த ஏழெட்டும் மெல்லிய இரும்பாக இருந்துவிட்டால் கொடுத்த காசு முழுக்க வீண். அதே காசுக்கு நல்ல ஸ்பானர் ஐந்தாறு வாங்கலாம்.

கடைக்குப் போகுமுன் பைக்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் அளவுகளை எழுதுங்கள். பின் சில்லின் அச்சு நட், ஒயில் வடிக்கும் போல்ட், பக்க மூடிகள், கண்ணாடி, பிரேக் கம்பி, பற்றரி முனை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே தடிப்புள்ள போல்ட்டுக்கும் தலையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். 8 மி.மீ. தடிப்புள்ள போல்ட்டின் தலை ஜப்பானிய முறையில் பெரும்பாலும் 12, ஐரோப்பிய முறையில் 13. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, மற்ற முறைகளில் 16 அல்லது 17. ஹொண்டா, யமஹா வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பானர்கள் இருந்தால் அன்றாட வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இந்தியத் தயாரிப்புகளில் 13 கேட்கும் இடங்களும் உண்டு. தாளில் எழுதி வைத்தால் இது தானாகவே தெரிந்துவிடும்.

அப்பாவின் காலத்து அங்குல ஸ்பானர்கள் வீட்டில் கிடந்தால் அவற்றை பைக்கில் போட வேண்டாம். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அது 12 தலையில் ஏறும். ஏறுவதால் சரியென்று நினைப்போம். ஆனால் 0.7 மி.மீ. இடைவெளியில் ஆடி, இறுக்கமான போல்ட்டின் மூலைகளை ஒரே இழுப்பில் மழுக்கிவிடும். பைப் வேலைக்கு உதவும் அட்ஜஸ்டபிள் ஸ்பானரும் குறடும் செய்வதும் இதைத்தான். மூலை போன போல்ட்டைக் கழற்ற கராஜில் கொடுக்கும் கூலி ஒரு நல்ல ஸ்பானரின் விலையைத் தாண்டக்கூடும்.

சரி, நல்ல ஸ்பானரைக் கடையில் எப்படி அறிவது? அதில் அடித்திருக்கும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். க்ரோம் வனேடியம் (உறுதியான ஒரு வகை உருக்கு) என்று எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். 10 மி.மீ. தலையுள்ள புதுப் போல்ட் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். ஸ்பானரை அதில் மாட்டி இடமும் வலமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். நல்லது மயிரிழை அளவே அசையும். மட்டமானது கையில் தெரியும்படி ஆடும், வாய் திறந்த ஓப்பன் பக்கத்தில் இன்னும் கூடுதலாக. இறுக்கமான நட்டை இளக்க எப்போதும் வளையம் போன்ற ரிங் பக்கம், இளகிய பிறகு விரைவாகச் சுற்ற ஓப்பன் பக்கம். அதனால் இரண்டும் ஒன்றாய் உள்ள காம்பினேஷன் ஸ்பானரே வீட்டுக்கு ஏற்றது. சொக்கெட் வாங்கினால் உட்புறம் ஆறு பக்கம் உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு முனை உள்ளது மாட்டுவதற்கு இலகு, ஆனால் துருப்பிடித்த தலையில் வழுக்கும். நம் கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்காத தலை எங்கே இருக்கிறது?

அதிகம் பேர் கவனிக்காத தவறு ஒன்று ஸ்க்ரூ டிரைவரில் இருக்கிறது. பழைய ஹொண்டா சி.டி., எம்.டி. போன்றவற்றின் எஞ்சின் பக்க மூடியைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட ஆணிகள். சிலவற்றின் தலையில், குறிக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு ஒரு புள்ளி இருக்கும். அது ஜப்பானிய நியமப்படி செய்த ஆணி என்பதற்கான அடையாளம். சாதாரண பிலிப்ஸ் டிரைவரின் நுனி அந்தக் குழியின் அடிவரை இறங்காது. பலம் கொடுத்துத் திருப்பினால் மெல்ல மேலே ஏறி, 'டிக்' என்று வழுக்கி, குழியின் ஓரத்தைச் சீவிக்கொண்டு வெளியே வரும். இரண்டு தடவை இப்படி நடந்தால் ஆணியின் தலை வெறும் வட்டக் குழிதான். ஜப்பானிய நியமத்துக்குச் செய்த டிரைவர் தனியாகக் கிடைக்கிறது. வெசல் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்கின்றன. 2ஆம், 3ஆம் எண்கள் இரண்டும் வேண்டும். எஞ்சின் மூடியின் 6 மி.மீ. ஆணிகளுக்கு 3ஆம் எண்தான் பொருந்தும்; 2ஐப் போட்டுத் திருகியே பலர் கெடுக்கிறார்கள். பல வருடம் கழற்றாத ஆணியென்றால் சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பெக்ட் டிரைவர் வாங்குங்கள். கரண்டில் ஓடுவது தேவையில்லை, கையால் அடிப்பதே போதும். பழைய பைக் வைத்திருப்பவர் வாங்கும் பொருட்களில் இதைப்போல் உடனே பலன் தருவது வேறில்லை.

போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் விடயத்தில் தவறு இரண்டு விதம். ஒன்று, தேவையே இல்லை என்று விடுவது. மற்றது, கார் கடையில் கிடைக்கும் பெரியதை வாங்குவது. பைக் எஞ்சினின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு. அளவுக்கு மேல் இறுக்கினால் முதலில் போவது அலுமினியத்தின் புரிதான். 6 மி.மீ. போல்ட் கேட்பது சுமார் 10 நியூட்டன் மீட்டர். சொக்கெட் மாட்டும் முனை அரை அங்குலமாக உள்ள பெரிய ரெஞ்சுகள் பல 28இல்தான் தொடங்கும். அதை வைத்துச் சின்னப் போல்ட்டை இறுக்கினால் கிளிக் சத்தம் வரும் முன்பே புரி உருவிவிடும். 5 முதல் 25 வரை காட்டும் சிறியதை முதலில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் களைக்காமல் இருக்கும்.

ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பெரும்பாலும் 10 மி.மீ. புரியுள்ள பிளக்குக்கு 16 சொக்கெட், 12 மி.மீ. புரிக்கு 18, 14 மி.மீ. புரிக்கு 21. பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தால் போதும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வாங்குவதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். விலை குறைந்த ஒன்றே வீட்டுக்குப் போதும். பைக் ஓய்வில் இருக்கும்போது நல்ல 12 வோல்ட் பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் முறுக்கினால் 13.5இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் பற்றரியில் இல்லை, சார்ஜ் வரும் வழியில். இது தெரியாமல் நல்ல பற்றரியை மாற்றிக் காசை விடுகிறவர்கள் எத்தனை பேர்! டயரின் காற்றை அளக்கும் கேஜ் ஒன்றும் கூடவே வாங்குங்கள்.

அப்புறம், வாங்கியதை வைக்கும் இடம். கல்லடி, காரைதீவு, திருக்கோவில் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வருடம் முழுக்க உண்டு. மாரி வந்தால் வீட்டுக்குள்ளும் ஈரம். துணிப் பையில் சுற்றி விறாந்தையில் போட்டால் அடுத்த மாரிக்குள் மேற்பூச்சு உரியத் தொடங்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எஞ்சின் ஒயில் தொட்ட துணியால் ஒரு தடவை தடவி, மூடியுள்ள தகரப் பெட்டியில் உயரத்தில் வையுங்கள். வெள்ளம் ஏறும் வீடென்றால் பெட்டியைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. எஞ்சின் மெக்னெட்டைக் கழற்றும் புல்லர், வால்வு ஸ்பிரிங் அமுக்கும் கருவி எல்லாம் எப்போதாவது ஒரு தடவை தேவைப்படுபவை, ஒவ்வொரு மொடலுக்கும் வேறு வேறு. அவற்றை கராஜ்காரரிடமே விட்டுவிடலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டிய தூரத்தை நினைத்து எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க ஆசை வரும். வழியில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் டியூப், பிளக், செயின், பற்றரி முனை போன்ற சின்ன விடயங்கள்தான். டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு ஆகியவற்றுக்கு அந்தக் காசைச் செலவழியுங்கள்.

ஒயில் மாற்றும் ஆசையோடு ஸ்பானர் வாங்குபவர் வடியும் ஒயிலைப் பிடிக்கும் தட்டு வாங்க மறந்துவிடுவார். இதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. நம் கரையோரம் மணல் நிலம், கிணற்றுத் தண்ணீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. முற்றத்தில் ஊற்றும் பழைய ஒயில் மணலில் இறங்கினால், குடிக்கும் தண்ணீருக்குப் போய்ச் சேர அதிக தூரம் இல்லை. வாவிக்குள் கொட்டுவதும் வேண்டாம். அகலமான தட்டு ஒன்றும், மூடி இறுக்கமான பழைய கேன் ஒன்றும் டூல்ஸ் பட்டியலிலேயே சேர வேண்டும். கேன் நிறைந்ததும் பழைய ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றைக் கேட்டறிந்து அங்கே கொடுத்துவிடுங்கள்.