டேப்பிலிருந்து வீடியோ எடுக்கும்போது இன், அவுட் குறிப்பது எப்படி?

பீரோவில் கிடக்கும் பழைய கல்யாணக் கேசட்டைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தால், பலரும் முழு டேப்பையும் அப்படியே ஓடவிட்டு எடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேர மினி டிவி கேசட் கணினி வட்டில் ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். (இங்கே டிவி என்பது டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சி அல்ல.) நான்கு கேசட் என்றால் 52 ஜிபி. அதில் பாதி, பந்தலையும் வாசலையும் சும்மா சுற்றிக் காட்டும் காட்சிகளாக இருக்கும். வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் (இன்) முடிவையும் (அவுட்) குறித்துக்கொண்டு எடுத்தால் வேலையும் இடமும் மிச்சம்.

தேவையானவை: மினி டிவி கேமரா, அதைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள், ஃபயர்வயர் துளை உள்ள கணினி, கேப்சர் (டேப்பிலிருந்து வீடியோ எடுக்கும்) வசதி உள்ள அடோபி பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருள். விஎச்எஸ் கேசட்டுக்கு இந்த முறை ஒத்துவராது. வீட்டு விஎச்எஸ் டேப்பில் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், உள்ள மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் எண்) இருக்காது, பிளேயரைக் கணினி இயக்கவும் முடியாது.

முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். இனி தவறிக்கூட அதன்மேல் எதுவும் பதிவாகாது. பல வருடம் அசையாமல் இருந்த டேப் என்றால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிடுங்கள். கேமராவை அணைத்து வைத்துக் கேபிளைச் செருகி, அப்புறம் பிளே நிலையில் போடுங்கள்.

பிரீமியரில் எஃப்5 அழுத்தினால் கேப்சர் சாளரம் திறக்கும். அதில் டேப் பெயர் கேட்கும் இடத்தை அலட்சியமாக விடாதீர்கள். கேசட் உறைமேல் என்ன எழுதியிருக்கிறீர்களோ அதையே எழுதுங்கள்: "கல்யாணம் 2" என்பதுபோல.

இனி குறிப்பது. ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும். இடம் கிடைத்ததும் ஐ அழுத்தினால் இன், ஓ அழுத்தினால் அவுட். நம்மூர் பால் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். அதனால் டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கம் 00 முதல் 24 வரைதான் போகும்.

தாலி கட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போவது 00:23:14:08 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் சரியாக அங்கேயே இன் வைப்பார்கள். ஆனால் அதற்கு முன்பே யாரோ விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சொல்லியிருப்பார். தவில் உச்சத்துக்குப் போயிருக்கும். அட்சதை பறக்கத் தொடங்கியிருக்கும். அந்தக் குரலில் தொடங்காத தாலி கட்டு எனக்குப் பாதிக் காட்சிதான். இன்னை 00:23:02:00 பக்கம் இழுத்து வையுங்கள். அவுட்டும் அப்படியே: மூன்றாவது முடிச்சில் வெட்டாமல், மேளம் தணிந்து எல்லோரும் மூச்சு விடும் வரை விடுங்கள். பின்னால் எடிட்டிங்கில் டிசால்வ் (ஒரு காட்சி மங்கி அடுத்தது தெளிவது) போட அந்த நீளம் வேண்டும். வெட்டுவது எப்போதும் முடியும். இல்லாததைச் சேர்க்க மறுபடி டேப்பைத்தான் ஓட்ட வேண்டும். 'ஹேண்டில்ஸ்' பெட்டியில் 25 என்று போட்டால் இரு பக்கமும் ஒரு நொடி தானாகவே கூடும்.

குறித்ததும் 'லாக் கிளிப்' அழுத்திப் பெயர் கொடுங்கள். இப்படியே டேப் முழுக்கக் குறித்துவிட்டு, புராஜெக்ட் பலகத்தில் அந்தக் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து எஃப்6 அழுத்துங்கள். கேமரா தானாகவே ஒவ்வொரு இடமாகத் தேடிப்போய் எடுத்துத் தரும். யோசிக்கும்போது மட்டும் டேப்பைப் பாஸில் நிறுத்தி வைக்காதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் ஒரே இடத்தில் சுழன்று டேப்பைத் தேய்க்கும். ஸ்டாப் அழுத்துங்கள்.

சில நேரம் கேமரா இன்னுக்குப் போய்விட்டுப் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் ப்ரீ ரோல்தான். எடுப்பதற்கு முன் டேப் வேகம் பிடிக்க வேண்டும். அதற்காகக் கேமரா இன்னுக்குச் சில நொடி பின்னால் போய் ஓடிவரும். கேசட்டின் இரண்டாவது நொடியிலேயே இன் வைத்தால் பின்னால் போக இடமேது? படம்பிடித்தவர் நடுவில் கொஞ்சம் டேப்பை வெற்றாக விட்டு மறுபடி தொடங்கியிருந்தாலும் இதே கதைதான்: அங்கே டைம்கோடு அறுந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அப்போது ஒரே கேசட்டில் 00:05:00:00 இரண்டு இடத்தில் இருக்கும். மென்பொருள் தவறான இடத்துக்குப் போகும். அறுந்த இடத்துக்குப் பிந்திய பகுதிக்கு "கல்யாணம் 2 ஆ" என்று தனி டேப் பெயர் கொடுத்து, அந்தப் பகுதிக்குள் டேப்பை ஓட்டி வைத்துவிட்டு எடுங்கள். முதல் சில நொடிகளை மட்டும் கேப்சர் சாளரத்தில் உள்ள ரெக்கார்டு பொத்தானைக் கையால் அழுத்தி எடுத்துவிடலாம்.

எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கிளிப்பின் தலையையும் வாலையும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். புராஜெக்ட் கோப்பை வேறொரு வட்டிலும் நகல் வையுங்கள். அது சின்னதுதான், ஆனால் நீங்கள் குறித்த டேப் பெயரும் இன், அவுட்டும் அதற்குள் இருக்கின்றன. வீடியோ வட்டு பழுதானாலும், அந்தக் கோப்பைத் திறந்து, கேட்கும் கேசட்டைப் போட்டு எஃப்6 அழுத்தினால் அதே காட்சிகள் அதே இடத்தில் திரும்ப வந்துவிடும்.