த்வார் தோரா சொல்ல எழுந்து நிற்பதற்கு முன்

லண்டனின் வடமேற்கில் இருக்கும் எங்கள் யூத ஜெப ஆலயம் சிறியது. முழுநேர ரபி, அதாவது மதகுரு, கிடையாது. ஷபாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளின் காலையில், மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவிலிருந்து அந்த வாரத்துக்கு உரிய பகுதியை ஒட்டிச் சில நிமிடங்கள் பேசும் பொறுப்பை, அதாவது த்வார் தோராவை, உறுப்பினர்களே முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறோம். இந்த ஆண்டு புதிதாக ஐந்து பேர் முறைக்கு வந்திருக்கிறார்கள். ஐவரும் ஆர்வமுள்ளவர்கள், நன்றாகப் படிப்பவர்கள். ஆனாலும் அவர்கள் பேசும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே திரும்பக் கேட்கிறேன். நிதானமாகப் பேசுங்கள், எபிரேயப் பெயர்களைத் திருத்தமாக உச்சரியுங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். யாராவது சொன்னால்தான் தெரியவரும் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தோராவில் இல்லாததைத் "தோரா சொல்கிறது" என்பது

ஆபிரகாம் சிறுவனாக இருந்தபோது தந்தை தேராகின் சிலைகளை உடைத்த கதை யூதக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். அது பெரெஷித் ரப்பா என்னும் மித்ராஷ் தொகுப்பில், அதாவது பழைய ரபிகளின் வேத விளக்கத் தொகுப்பில், வருகிறது. ஆதியாகமத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மித்ராஷ் மதிப்பில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. "மித்ராஷ் சொல்கிறது" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் போதும். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து தேடுகிறவர் ஏமாற மாட்டார்.

ராஷியைப் பாதியில் விடுவது

நோவா "தன் தலைமுறையில்" நீதிமான் என்ற சொற்றொடருக்கு, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இரண்டு விளக்கங்களை அருகருகே வைக்கிறார். ஒன்று நோவாவுக்குப் பெருமை, மற்றது குறை. புதியவர்கள் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு "ராஷியின் கருத்து இது" என்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள்.

எடுத்த இடத்தை மறைப்பது

சொன்னவர் பெயரால் ஒன்றைச் சொல்பவர் உலகுக்கு மீட்பைக் கொண்டுவருகிறார் என்கிறது ரபிகளின் அறமொழி நூலான பிர்கே அவோத், 6ஆம் அதிகாரம்.

நோயைத் தண்டனையாக்குவது

பஸ்காவை ஒட்டிய வாரங்களில் தஸ்ரியா, மெத்சோரா என்ற இரண்டு பகுதிகள் வருகின்றன. லேவியராகமம் 12 முதல் 15 வரையிலான அதிகாரங்கள். பேசுவதற்கு அனுபவமுள்ளவர்கள் முன்வராத பகுதிகள் என்பதால் இவை பெரும்பாலும் புதியவர்களுக்கே வந்து சேர்கின்றன.

இவற்றின் நடுவில் இருப்பது த்சாராத், தோலில் தோன்றித் தீட்டாக்கும் ஒரு நிலை. தமிழ் வேதாகமத்தில் அதைக் குஷ்டரோகம் என்று படித்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல் பொருந்தாது. த்சாராத் துணியிலும் தோன்றுகிறது, வீட்டுச் சுவரிலும் தோன்றுகிறது. உடல் முழுவதும் வெளுத்துவிட்டால் அந்த மனிதன் சுத்தமானவன் என்கிறது 13ஆம் அதிகாரம். பார்த்து முடிவு சொல்பவரும் மருத்துவர் அல்லர், ஆசாரியர்.

விளக்கம் தேடிப் போகும் புதியவருக்கு முதலில் கிடைப்பது, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதின் அராகின் பகுதி. புறங்கூறுவதற்கு, லஷோன் ஹராவுக்கு, கிடைக்கும் தண்டனை த்சாராத் என்கிறது அது. த்சாராத் கண்டவனைக் குறிக்கும் மெத்சோரா என்ற சொல்லையே "மோத்சி ஷேம் ரா", அவதூறு பரப்புபவன், என்று பிரித்துக் காட்டுகிறது. மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாமுக்குத் த்சாராத் கண்டதாக எண்ணாகமம் 12இல் சான்றும் கிடைக்கிறது. ஒரு சிறு உரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல எல்லாம் பொருந்திவிடும்.

நானும் அதைத்தான் பேசினேன். அதோடு நிற்காமல், "நாக்கு செய்த பிழைக்கு உடல் கணக்குத் தீர்க்கிறது" என்று ஒரு வாக்கியத்தை நானாக எழுதிச் சேர்த்திருந்தேன்.

அன்று காலை தோரா வாசிப்பின் இடையே, நோயுற்றவர்களுக்கான மி ஷெபெராக் பிரார்த்தனை வந்தது. நோயாளியின் பெயரையும் அவருடைய தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து தன் பெயரையே சொன்னார். அவருடைய தலைத்துணிக்குள் முடி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரம் கழித்து நான் எழுந்து, நோய் ஏன் வருகிறது என்று அவருக்கு விளக்கினேன்.

வழிபாடு முடிந்து எல்லோரும் கூடிச் சிற்றுண்டி உண்ணும் கித்தூஷுக்கு அவர் நிற்கவில்லை. அடுத்த நான்கு ஷபாத்துகளுக்கு வரவும் இல்லை.

எங்கள் சபையில் தோரா வாசிக்கும் முதியவர் மறுநாள் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். திட்டவில்லை. தல்மூதின் பாவா மெத்சியா பகுதியில் 58ஆம் தாளைத் திறந்து வாசிக்கச் சொன்னார். துன்பத்திலோ நோயிலோ இருப்பவரிடம், யோபுவின் நண்பர்கள் அவரிடம் பேசியது போலப் பேசக் கூடாது. "குற்றமற்று அழிந்தவன் உண்டோ" என்று கேட்கக் கூடாது. அது சொல்லால் செய்யும் கொடுமை என்கிறது அந்தப் பக்கம். பிறகு லேவியராகமம் 14இன் 3ஆம் வசனத்தில் விரலை வைத்தார். ஆசாரியர் பாளையத்துக்கு வெளியே போகிறார். தள்ளி வைக்கப்பட்டவர் தாமாக வந்து சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை. "தீட்டு, தீட்டு" என்று த்சாராத் கண்டவர் கூவ வேண்டும் என்பதற்கும் தல்மூதின் மோஎத் காதான் பகுதி ஒரு காரணம் சொல்கிறது: அவருடைய வேதனையைப் பலரும் அறிந்து, அவருக்காக இரக்கம் வேண்ட வேண்டும் என்பதற்காக. அந்தப் பெண்மணி அன்று காலை எழுந்து நின்று செய்ததும் அதுவேதான்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார். "யாரைப் பற்றி என்ன பேசினேன் என்று மூன்று இரவுகள் யோசித்துப் பார்த்தேன்" என்றார்.

இந்த வசந்தத்திலும் ஓர் இளைஞர் அதே உரையை ஏறக்குறைய அதே சொற்களில் பேசினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கோபம் வந்தது. அராகினை மறைக்கச் சொல்லவில்லை. புறங்கூறுவதன் கொடுமையைச் சொல்லுங்கள், கேட்பவர் தம் நாவைத் தாமே சோதிக்கட்டும். ஆனால் நோயிலிருந்து தொடங்கிப் பாவத்தைத் தேடிப் பின்னோக்கி நடக்காதீர்கள். பேசப் போகிறவர் வெள்ளிக்கிழமைக்குள் மி ஷெபெராக் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும். இதை நான் வேண்டுகோளாக அல்ல, விதியாகவே சொல்கிறேன்.

பிள்ளையில்லாத சாராள், ரெபேக்காள், ராகேல் ஆகியோரின் பகுதிகளுக்கும் இது பொருந்தும். "பிரார்த்தித்தார்கள், பிள்ளை கிடைத்தது" என்று முடிக்குமுன் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நேரம்

ஏழு நிமிடம்.

குறிப்புத் தாள்

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் எழுதி முடித்து, ஜெப ஆலயத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஷபாத்தில் எழுதவோ அச்சிடவோ முடியாது.

அவையில் இருப்பவரை உதாரணமாக்குவது

ஷாவுவோத் பண்டிகையில், வேற்றினத்தில் பிறந்து இஸ்ரவேலரோடு சேர்ந்துகொண்ட ரூத்தின் புத்தகத்தை வாசிக்கிறோம். நான் மதம் மாறி வந்த முதல் ஆண்டில், பேசியவர் அன்பு மிகுதியால் என்னைக் கைகாட்டி, "நம் நடுவிலும் ஒரு ரூத் இருக்கிறார்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். நான் பிரார்த்தனைப் புத்தகமான சித்தூரைப் பார்த்தபடி இருந்தேன். மதம் மாறித் தோரா படிக்க வந்தவரிடம் அவருடைய பழைய வாழ்க்கையைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பதும் அதே பாவா மெத்சியா பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று கித்தூஷில் மூன்று பேர் என்னிடம் வந்து, ஏன் மாறினீர்கள் என்று கேட்டார்கள். சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்த முதியவர் மட்டும் கேட்கவில்லை. வாரந்தோறும் என் பக்கத்தில் அமர்ந்து, ஹெர்ரிங் மீன் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, அந்த வாரத்துப் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான்காம் ஆண்டில் ஒரு நாள் நானாகவே அவரிடம் சொன்னேன்.