அப்பாரு காலத்து ரைபிள்: விலை ஒரு பக்கம், குறி ஒரு பக்கம்

அப்பாரு விட்டுப்போன ரைபிள் ஒன்று இருக்கிறது, என்ன பெறும் என்று கேட்கிறவர்கள், கூடவே நெட்டில் பார்த்த டாலர் விலையையும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். இங்கே லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கவும் கூடாது, வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பி விற்கிற பேச்சே இல்லை. நம் ஊர் விலை நம் ஊர் ஆட்களை வைத்துத்தான்.

அடுத்து, கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். நான் சொல்வது லீ என்ஃபீல்ட் வகை, அதாவது வெள்ளைக்காரன் பட்டாளத்து ரைபிள். பின்கட்டை வந்து சேரும் இடத்தில், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டை இருக்கும், அதன் வலப்பக்கம்தான் ஜாதகம். கிரீடமும் ஜி.ஆர்.ஐ. எழுத்தும் இஷாப்பூர் பெயரும் இருந்தால் வெள்ளைக்காரன் காலத்தில் வங்காளத்துத் தொழிற்சாலையில் செய்தது, சிங்கமுகம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு. வெறும் ஜி.ஆர். போட்டு என்ஃபீல்ட் என்றோ பி.எஸ்.ஏ. என்றோ இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. டி.பி. என்று அடித்திருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடவே கூடாது, அவ்வளவுதான்.

303 என்றால் பட்டாளத்து அளவு, தடை செய்யப்பட்ட குழல் அளவு, சாதாரண லைசென்ஸில் வராது. நம் பக்கம் தோட்டங்களிலும் வால்பாறை எஸ்டேட்களிலும் அதிகம் கண்ணில் படுவது .315. பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் போய்ச் சேரக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டதால், ஆஸ்திரிய மான்லிக்கரின் 8 மில்லிமீட்டர் தோட்டா இங்கே பிழைத்துக்கொண்டது. இஷாப்பூர் .315-ல் போல்ட், உடம்பு எல்லாம் அதே லீ என்ஃபீல்ட் வழிதான், ஆகவே கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். பழைய போலீஸ் .410 மஸ்கட் வந்தால் கொஞ்சம் நிதானம். அது 303 பேரலைக் கடைந்து, புரி (குண்டைச் சுழற்றிவிடும் உள்வரி) இல்லாமல் ஆக்கியது, அதன் தோட்டாவே தனி, கடையில் விற்கும் .410 தோட்டா அதற்கென்று செய்ததல்ல.

சரி, சுடுமா? எல்லோரும் பாலிஷைத்தான் பார்க்கிறார்கள். நான் பேரலின் வாய்ப்பக்கம் கடைசி ஓர் அங்குலத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பட்டாளத்தில் சுத்தம் செய்ய புல்த்ரூ என்று ஒரு கயிறு உண்டு, தோட்டா உட்காரும் அறைப்பக்கம் விட்டு வாய்ப்பக்கம் இழுப்பார்கள். சிப்பாய் நேராக இழுக்காமல் ஒரு பக்கம் சாய்த்து இழுத்தால், கிணற்று மேட்டுக் கல்லில் கயிறு தடம் போட்ட மாதிரி வாயில் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். உள்ளே கண்ணாடியாய் மின்னுகிற பேரல்கூட இந்த ஒரு தேய்மானத்தால் குண்டைக் கண்ட திசையில் அனுப்பும். கடைக்காரரிடம் மருந்தில்லாத டம்மித் தோட்டா கேட்டு, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குண்டு முனையை வாயில் வைத்துப் பாருங்கள். நல்ல பேரலில் தோட்டாவின் பித்தளைக் கூட்டு விளிம்புக்கு முன்பே குண்டு நின்றுவிடும், பித்தளை வரை இறங்கினால் தேய்ந்த பேரல்.

அப்புறம் உள்ளே. அறைப்பக்கம் வெள்ளைக் காகிதம் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இஷாப்பூர் 303-ல் ஐந்து புரி, இடப்பக்கம் சுழலும். லீ என்ஃபீல்டின் போர்க்கால மாடலான நம்பர் 4 சிலவற்றில் இரண்டே புரி இருக்கும், அது தேய்மானம் இல்லை, செய்ததே அப்படித்தான். அந்தக்காலத்துத் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பில் (ஊசி அடிக்கிற மூடியில்) இருந்த மருந்து வெடித்தபின் ஒரு உப்பை விட்டுப்போகும், அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது, வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். கழுவாமல் வைத்த துப்பாக்கியில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். லேசாகச் சொரசொரப்பாய் மங்கிய பேரல் நன்றாகவே சுடும், பயப்பட வேண்டாம், புரியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

துப்பாக்கி எந்த ஊரில் கிடந்தது என்றும் கேளுங்கள். வால்பாறை மழையில் கிடந்ததென்றால் கட்டையைக் கழற்றி, மரத்துக்குள் மறைந்திருக்கும் பேரலின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள், துரு அங்கேதான் குடியிருக்கும். தாராபுரம், காங்கேயம் பக்கத்து வறட்சியில் துரு கம்மி, ஆனால் மரம் சுருங்கிவிடும். சுடும்போது உதையைத் தாங்குகிற இடத்தில், ட்ரிக்கருக்கு முன்னால், மரம் விலகியிருந்தால் குறி அலையும், சில சமயம் கட்டையே பிளக்கும். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்பதற்காக அதைத் தடவி வைத்திருப்பார்கள், அது பிசினாகி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகிவிடும், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள நம்பரும் உடம்பில் உள்ள நம்பரும் ஒன்றா? வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால் தோட்டாவின் பின்னால் இடைவெளி கூடியிருக்கலாம், கேஜ் (அந்த இடைவெளியை அளக்கும் அளவுக்கட்டை) வைத்து அளக்காமல் சுடக் கூடாது. கேஜ் இல்லையா, அந்தத் துப்பாக்கியில் ஏற்கெனவே சுட்ட காலித் தோட்டா கேளுங்கள். அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் பித்தளை அங்கே கிழியப் பார்க்கிறது என்று அர்த்தம்.

சுட்டுப் பார்ப்பது அனுமதி பெற்ற ரேஞ்சில்தான், தோட்டத்துத் தென்னை மரத்தில் அல்ல. மணல் மூட்டையில் தாங்கி, 100 கஜத்தில் ஐந்து குண்டு. நான்கு அங்குலத்துக்குள் விழுந்தால் பட்டாளத்து ரைபிளுக்கு அது நல்ல பெயர். மேலும் கீழுமாகக் கோடு போட்டால் மரத்தை சந்தேகப்படுங்கள், நாலாபக்கமும் சிதறினால் வாயையும், குறிபார்க்கிற சைட் ஆடுகிறதா என்பதையும். காகிதத்தில் குண்டு பக்கவாட்டில் நுழைந்த ஓட்டை இருந்தால் பேரல் தீர்ந்தது. ஒரே டப்பா தோட்டாவை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

விலை வேறு கதை. எண்பதுகளில் இறக்குமதியை அடைத்தபின் இங்கிலாந்துப் பெயர் போட்டதற்கெல்லாம் தனி மவுசு, அதில் குறி சரியாக விழாததும் உண்டு. நம்பர்கள் ஒத்து, மரம் வெட்டாமல், முத்திரை மழுங்காமல் இருந்தால்தான் அந்த விலை நியாயம். புதிதாக இரும்புக்குக் கருநீலப் பூச்சு ஏற்றி எழுத்தெல்லாம் வழுவழுப்பாகிவிட்டால் பாதி போயிற்று. காட்டுப்பன்றித் தொல்லைக்கு என்று யாரோ முன்கட்டையை வெட்டிய இஷாப்பூர் .315-ஐ சேகரிப்பாளர் தொடமாட்டார், ஆனால் அதன் வாய் நன்றாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கைமாற்றும்போது, விற்பவர் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்திருந்தால் துப்பாக்கி முதலில் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், வாரிசு அதைத் தன் கையில் வாங்க வேண்டுமென்றால் தன் பேரில் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸில் உள்ள நம்பரைத் துப்பாக்கி உடம்பில் நீங்களே படித்து ஒத்துப்பாருங்கள், ஓர் இலக்கம் மாறினாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.