சரித்திரக் காதல் நாவல்: மாறுபட்ட நாயகியைப் படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரித்திர நாவல் எழுத உட்காரும் பலர் இப்போது “வழக்கமான நாயகி வேண்டாம்” என்ற முடிவோடுதான் பேனாவை எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவள் கையில் வாள் வந்துவிடுகிறது. மூன்றாவதில் ஆண் வேடம். ஐந்தாவதில் நாயகனைக் கீழே தள்ளிக் கழுத்தில் வாளை வைக்கிறாள், கண்ணும் கண்ணும் கலந்துவிடுகின்றன. இதுதான் இன்றைக்கு வழக்கமான நாயகி!

வாளெடுத்த பெண்கள் வரலாற்றில் இல்லாமல் இல்லை. வேலு நாச்சியாரையே பாருங்கள். கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டது 1772இல். சிவகங்கை மீண்டும் கைக்கு வந்தது 1780இல். இடையில் திண்டுக்கல் பக்கம் ஹைதர் அலியின் ஆதரவில் தங்கி, உதவி கேட்டு, ஆள் திரட்டிக் காத்திருந்தார். நாவலுக்கான சரக்கு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. போரை நாலு பக்கத்தில் முடித்துவிடலாம்.

இதைவிடப் பெரிய தவறு, இன்றைய பெண்ணுக்குப் பட்டுடுத்திச் சோழர் காலத்துக்கு அனுப்பிவைப்பது. “என் வாழ்க்கையை நான்தான் தீர்மானிப்பேன்” என்று அவள் அரசவையில் முழங்கினால் வாசகர் கைதட்டக்கூடும், நம்பமாட்டார். அந்தக் காலத்தில் அவளுக்கு எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்று தெரியாமல் அவளை எதையும் மீறவைக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளக் கல்வெட்டுகளைப் படியுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 1014 வாக்கில் வெட்டியது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது ஆடல் முதலிய கோயில் பணி செய்த பெண்களை, வரவழைத்துத் தஞ்சையில் குடியமர்த்திய விவரம் அதில் உண்டு. தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியே பதிந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். பங்கு பெற்றவள் இறந்தாலோ வேற்று நாடு போனாலோ, அடுத்த முறையுள்ள உறவு அந்தக் காணியை, அதாவது பங்குக்கான உரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும். அந்த உறவுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும்.

இதில் ஒரு நாவலே இருக்கிறது. திருவாரூரிலிருந்து வந்த ஒருத்தியைக் கற்பனை செய்யுங்கள். வீடு உண்டு, நெல் உண்டு, பெயர் கல்லில் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறப் போகும் வணிகன் ஒருவன் மேல் மனம் போகிறது. அவனோடு போனால் பங்கு தங்கைக்கு. தங்கைக்கோ பயிற்சி போதாது, அந்தக் காணியின் மேல் கண்வைத்து வேறொருத்தி காத்திருக்கிறாள். இனி அவள் எந்தப் பக்கம் அடி வைத்தாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். வாளும் வேண்டாம், வசனமும் வேண்டாம். ஒன்று மட்டும்: பிற்காலத்தார் ‘தாசி’ என்று ஏளனமாகச் சொன்னதை மனதில் வைத்து இவளை எழுதிவிடாதீர்கள்.

நாயகியை உயர்த்துவதற்காக மற்ற பெண்களையெல்லாம் அசடுகளாக்குவதும் பரவலாக நடக்கிறது. அம்மா அழுவாள், தோழி பூத்தொடுப்பாள், அத்தை சூழ்ச்சி செய்வாள். அந்தத் தளிச்சேரித் தெருவில் ஒருத்திக்காவது இவளைவிடக் கெட்டிக்காரத்தனம் இருந்திருக்காதா?

சின்னச் சின்ன விஷயங்களும் காலை வாரும். சோழர் சமையலில் மிளகாய் கூடாது, அது போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தது. காரத்துக்கு மிளகு போதும். நாயகன் “பத்து நிமிடத்தில் வருகிறேன்” என்றால் கதை அங்கேயே விழும். ஒரு நாழிகை 24 நிமிடம், அரை நாழிகையில் வரச் சொல்லுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்கு வந்த அம்பை அவள் மார்பில் வாங்கிச் சாகவைப்பது பழைய தந்திரம். மாறுபட்டவளாக வளர்த்துவிட்டு, அவளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொன்றுவிடுகிறோம். கல்யாணம் செய்துவைப்பதானால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மறுநாள் காலை எழுந்து அவள் என்ன வேலையைப் பார்க்கப் போகிறாள் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், நாவலில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. எழுத வரவில்லையென்றால் முடிவை விட்டுவிட்டு முதல் மூன்று அத்தியாயங்களைத் திருத்தத் தொடங்குங்கள்.