எங்கள் சிறுபாலம் யாருடையது?

2023 டிசம்பர் வெள்ளத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே எங்கள் ஊர்ச் சாலையின் சிறுபாலம் ஒரு பக்கம் அரித்துப்போனது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அந்தப் பள்ளத்தில் சாய்ந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. மனு கொண்டுபோன இரண்டு அலுவலகங்களிலும் ஒரே பதில்: "இது எங்கள் சாலை அல்ல."

கிலோமீட்டர் கல்லில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எங்கள் சாலையில் கல்லே இல்லை. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி அனுப்பினேன்: இந்தச் சாலை யார் பராமரிப்பில் இருக்கிறது? தவறான அலுவலகத்துக்குப் போனாலும், 6(3) பிரிவுப்படி 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். அலைந்து களைத்த எனக்கு அந்தப் பிரிவு பெரிய ஆறுதல்.

"மாவட்ட இதர சாலை" என்று பதில் வந்தது. அப்படியென்றால் ஊராட்சி ஒன்றியம் அல்ல, மாநில நெடுஞ்சாலைத் துறை. பதிலின் நகலையும் படங்களையும் இணைத்து, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த பிசானப் பருவ நெல் நடவுக்கு முன்பே தடுப்புச்சுவர் எழும்பிவிட்டது. இப்போது பள்ளிக்கூட வேன் தயங்காமல் போகிறது.