சூடாகும் போனைச் சரிசெய்யப் போய் சொதப்பும் இடங்கள்

கோடை தொடங்கியதும் சர்வீஸ் மேசைக்கு வரும் போன்களில் நிறையவற்றுக்கு ஒரே புகார்தான்: “ஹீட்டாவுது.” வெயிலில் காயும் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடலாம். மொபைல் சர்வீஸ் கற்கத் தொடங்கியவர்கள் போனைக் கையில் வாங்கிய பிறகு செய்யும் தவறுகள்தான் இங்கே. கற்க வருகிறவர்கள் மாறினாலும் தவறுகள் அதே வரிசையில்தான் வருகின்றன.

தொட்டுப் பார்க்கும் முன் திறப்பது

சூடு எந்த இடத்தில் என்று விரலால் தேடுங்கள். பெரும்பாலான போன்களில் கேமராவுக்குப் பக்கத்தில் சுட்டால் பிராசஸர் பகுதி. நடுவில் என்றால் பேட்டரி. கீழ் விளிம்பில், அதுவும் சார்ஜ் போடும்போது மட்டும் என்றால் சார்ஜிங் போர்ட்டும், அது பொருத்தப்பட்டிருக்கும் சின்ன சர்க்யூட் போர்டான சப் போர்டும். பிறகு ஃப்ளைட் மோடில் போட்டு இருபது நிமிடம் சும்மா வையுங்கள். குளிர்ந்துவிட்டால் சந்தேகம் நெட்வொர்க் பக்கம்: டவர் பலவீனமான இடத்தில், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர் முழு பலத்தில் கத்திக்கொண்டே இருக்கும். சிக்னலே கிடைக்காத இரண்டாவது சிம்மைக் கழற்றியதும் புகார் தீர்ந்த போன்கள் உண்டு. அதிலும் மாற்றம் இல்லையென்றால், ஆண்ட்ராய்டு போனில் சேஃப் மோட், அதாவது நாமாகப் போட்ட ஆப்கள் இயங்காத நிலை. அங்கே குளிர்ந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ வந்த புதிதில் சூடாகிறது என்று உலகம் முழுக்கக் கூச்சல். ஐஓஎஸ் 17-இல் இருந்த பிழையும் சில ஆப்களும் ஒரு காரணம் என்றது ஆப்பிள். அக்டோபரில் வந்த 17.0.3 அப்டேட்டில் அந்தப் பிழையைத் திருத்தினார்கள். அந்த நேரத்தில் ஸ்க்ரூவைக் கழற்றியவருக்கு உள்ளே கண்டுபிடிக்க என்ன இருந்திருக்கும்?

முதல் வேலையாக பேட்டரியை மாற்றுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. எரிச்சல் வருவதும் இதில்தான், ஏனென்றால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு.

கதை எப்போதும் ஒன்றுதான். போனை பேன்ட் பாக்கெட்டில் வைத்தால்கூடச் சுடுகிறது, ராத்திரி முழு சார்ஜ் போட்டுப் படுத்தால் விடிவதற்குள் பாதி இறங்கிவிடுகிறது. பின்பக்கத்தைத் திறந்து தொட்டால் பேட்டரி சூடு. “பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்.” காசு வாங்கியாயிற்று. பத்து நாளில் அதே போன் திரும்பி வரும். அப்புறம் சீனியரிடம் வந்து நிற்பார்கள்: “அண்ணா, புது பேட்டரிதான் போட்டேன், இன்னும் சுடுது.”

பின் பேனலுக்கு அடியில் இருப்பவற்றில் பெரியது பேட்டரிதான். போர்டில் உண்டாகும் சூடும் அங்கே பரவும். அதனால் பேட்டரி சுடுகிறது என்பதை வைத்துச் சூட்டை உண்டாக்குவது பேட்டரிதான் என்று முடிவு கட்ட முடியாது. பிரித்துப் பார்க்க டிசி மெஷின் போதும். பேட்டரிக்குப் பதிலாக மின்சாரம் கொடுத்து, போன் இழுக்கும் கரன்ட்டைக் காட்டும் கருவி அது.

பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். டிசி மெஷினில் 4.0 வோல்ட், கரன்ட் லிமிட் 2 ஆம்பியர் வைத்து பேட்டரி கனெக்டர் வழியாகக் கொடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு போய்விடும், இரண்டு முறை பாருங்கள். பவர் பட்டனைத் தொடாமல் மீட்டரைப் பாருங்கள். 0.00 காட்ட வேண்டும். பட்டனை அழுத்தும் முன்பே 0.12 என்று நின்றால் மெயின் லைனில், அதாவது பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் முதன்மை மின்பாதையில், லீக்கேஜ் (மின்கசிவு), கடைப் பேச்சில் ஹாஃப் ஷார்ட். 0.12 ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்தில் 2880 எம்ஏஎச். 5000 எம்ஏஎச் பேட்டரியில் பாதிக்கு மேல் சும்மாவே போகிறது. ஏறக்குறைய அரை வாட் சூடு, அதுவும் 0.6க்கு 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கெபாசிட்டரில்கூட இருக்கலாம். இதற்கு எந்தப் புது பேட்டரி உதவும்?

முதலில் டிஸ்ப்ளே, கேமரா, சப் போர்டு ஃப்ளெக்ஸ்களை (வளையும் தட்டை கேபிள்களை) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் பூஜ்யத்துக்கு இறங்குகிறதோ, கோளாறு அதில். எல்லாம் கழற்றியும் இறங்கவில்லை என்றால் போர்டிலேயேதான். சால்டரிங் அயர்னில் ரோசினைத் தொட்டு அதன் புகையை போர்டின் மேல் படியவிட்டால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சப்ளை கொடுத்ததும் அது முதலில் உருகித் தெளியும் இடத்தில்தான் பழுது. தெர்மல் கேமரா இருந்தால் இன்னும் சுலபம். 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தடவி எங்கே முதலில் காய்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. அது தீப்பற்றும் திரவம், பக்கத்தில் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் மெஷின் ஓடக் கூடாது.

மெயின் லைனில் கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டர்கள் பல இணையாக இருக்கும். கெட்டுப்போன ஒன்றை எடுத்துவிட்டாலும் போன் பெரும்பாலும் ஓடும். நெட்வொர்க் பகுதியில் இந்தத் தைரியம் வேண்டாம், அதே மதிப்பில் வேறொன்று போடுங்கள்.

பட்டன் அழுத்தும் முன் பூஜ்யம், ஆன் ஆன பிறகு திரை அணைந்தும் கரன்ட் இறங்கவில்லை என்றால் அடுத்த கட்ட லைன்கள் அல்லது சாஃப்ட்வேர். டிசி மெஷினில் எல்லாம் சரியாக இருந்தால்தான் பேட்டரியைக் குறை சொல்லலாம்.

மாற்றுகிறீர்கள் என்றால், மலிவு பேட்டரியில் இன்னொரு வில்லங்கம். பேட்டரியின் வெப்பத்தை போனுக்குச் சொல்வது உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர். பொதுவாக 45 டிகிரியை நெருங்கினால் சார்ஜிங்கைக் குறைக்கவோ நிறுத்தவோ போன் முடிவு செய்வது அதை நம்பித்தான். சில போலிகளில் அந்த இடத்தில் வெறும் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் போனுக்குத் தெரிவது 25 டிகிரிதான். தெர்மிஸ்டர் தனி பின்னாக வரும் பேட்டரிகளில் அந்தப் பின்னுக்கும் மைனஸுக்கும் இடையே ஓம் அளவில் பாருங்கள். 10 கிலோ ஓம் வகையென்றால் 35 டிகிரியில் சுமார் 7 கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே சில நிமிடம் வைத்திருந்தும் எண் அசையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பீப் சத்தத்தை நம்புவது

பிராசஸருக்குப் போகும் லைன்கள் இயல்பாகவே சில ஓம்தான் காட்டும். மல்டிமீட்டர் பீப் அடிப்பதால் மட்டும் அது ஷார்ட் ஆகிவிடாது. மல்டிமீட்டரின் டையோடு மோடில் சிவப்பு புரோபை கிரவுண்டில் வைத்துக் கறுப்பால் அளந்து, அதே மாடல் நல்ல போர்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எல்லா லைனுக்கும் 4 வோல்ட்

பிராசஸர் கோர் லைன் ஓடுவது ஒரு வோல்ட் பக்கத்தில் அல்லது அதற்கும் கீழே. மெயின் லைனுக்குக் கொடுத்த அதே 4 வோல்ட்டை அங்கே ஏற்றினால் ஷார்ட் போகும், கூடவே பிராசஸரும் போகும். ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) லைனின் வோல்ட்டைப் பார்த்து, அதற்குக் குறைவாகத் தொடங்குங்கள்.

உப்பிய பேட்டரியை இரும்பால் நெம்புவது

கூடாது. சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, ஒட்டுப் பசையின் ஓரத்தில் ஐபிஏ விட்டுக் காத்திருந்து, பிளாஸ்டிக் கார்டால் எடுங்கள். பக்கத்தில் ஒரு டப்பா மணல் இருக்கட்டும். மடங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: 2016-இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, முதலில் வந்த பேட்டரிகளின் மேல் மூலையில் மின்முனைத் தகடு வளைந்திருந்தது.

கிராஃபைட் தாளைக் குப்பையில் போடுவது

பிராசஸரின் சூட்டைப் பக்கவாட்டில் பரப்புவது அந்தக் கறுப்புத் தாள்தான். கிழிந்தால் புதிது ஒட்டுங்கள். மின்சாரம் கடத்தும் பொருள் அது, துகள் போர்டில் கிடக்கக் கூடாது.

போர்ட்டை ஊதிவிட்டு அனுப்புவது

பின்னில் பச்சை பிடித்து 0.1 ஓம் தடை கூடினாலே போதும். 3 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சின்ன இடத்தில் 0.9 வாட் எரியும். ஆன்டி ஸ்டாட்டிக் பிரஷ்ஷும் ஐபிஏவும் போட்டுத் துடையுங்கள், பின் கறுத்திருந்தால் சப் போர்டையே மாற்றுங்கள். வாடிக்கையாளரின் கேபிளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், பாதி நேரம் அதன் முனையும் கருகியிருக்கும்.

திறந்த நிலையிலேயே டெஸ்ட் பண்ணுவது

பேனல் இல்லாமல் எந்த போனும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மூடி, வாடிக்கையாளரின் சொந்த கவரும் சார்ஜரும் போட்டு, 20 சதவீதத்திலிருந்து அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றி, பேட்டரி வெப்பத்தை ஆக்யூபேட்டரி போன்ற ஆப்பில் பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கொடுக்காதீர்கள். வெப்பம் ஏறுவது நின்றுவிட்டால் சார்ஜரைப் பிடுங்கி, திரையை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காமல் இருந்தால் போனை மறுபடி டிசி மெஷினில் மாட்டுங்கள்.